கேற்றடியில் நான் சொன்ன பொய்

அன்பு மகனுக்கு,

உன் தங்கச்சி மாதாமாதம் கொழும்புக்கு உனக்கு எழுதுகிற கடிதத்தின் அடியில் "அப்பாவும் சுகம் விசாரித்தார்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அவளாகவே எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் மட்டும் முழுக்க என் கையெழுத்து. நாலைந்து நாளாக எழுதுகிறேன். ஒரே விஷயம் இரண்டு தரம் வந்தால் பொறுத்துக்கொள். ஒரு விஷயம் வராமலே போய்விடக்கூடாது என்பதுதான் என் பயம், ஆகவே அதை முதற்பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். உனக்கு ஒரு மகள் இருக்கிறாள். பெயர் புவனேஸ்வரி, புவனம் என்று கூப்பிடுவார்கள், சாம்பல்தீவில் இருக்கிறாள். அவளைப் பெற்ற யோகம் உன்னைக் கைவிட்டு வேறு ஒருவனைக் கட்டவில்லை. அவளுடைய தகப்பன் வேலுப்பிள்ளை உன்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. இதையெல்லாம் உனக்குச் சொன்னவன் நான், சொன்னது அத்தனையும் பொய். இனி நீ இதைக் கிழித்து எறிந்தாலும் எழுதவேண்டியதை எழுதியாயிற்று. ஆனால் கிழிக்காதே, மிச்சத்தையும் படி.

என் தலை பழுதாகிக்கொண்டு வருகிறது. முதலில் சில்லறை விஷயங்கள்தான். குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றுகொண்டு எதற்கு வந்தேன் என்று யோசிப்பேன். காலையில் முகம் சவரம் செய்துவிட்டு, பத்து மணிக்கு மறுபடியும் சவர்க்காரம் பூசிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் உட்காருவேன். தங்கச்சி சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு ஒருநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், ஐம்பது வருஷமாக நடந்த தெரு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வெயிலில் ஒரு கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் மூதூர் முஸ்லிம், என்னை நன்றாகத் தெரிந்தவர். அவர் ஒரு கதிரையைப் போட்டு இருத்தி, தங்கச்சிக்கு ஆள் அனுப்பினார். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் சின்னப் பெடியன், வெளிநாட்டுச் சஞ்சிகைகள் எல்லாம் வாசிக்கிறவன். என் வயதுக்கு மரியாதை கொடுத்து எல்லாவற்றையும் விளக்கினான். "ஐயா, மூளையில கனபங்கு கொழுப்புத்தான். அந்தக் கொழுப்பு வயசு போகப்போக மாறிக் கெட்டுப்போறதாலதான் ஞாபகம் போகுதோ எண்டு வெளிநாட்டில ஆராயினம். இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது" என்றான். மருந்து இருக்கோ என்று கேட்டேன், இல்லை என்றான். கொழுப்பு என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் தலையில் அது நிறைய இருக்கிறது என்று உன் அம்மா எந்த ஆராய்ச்சியும் செய்யாமலே முப்பது வருஷம் சொன்னாள். எவ்வளவு காலம் மிச்சம் என்று கேட்டேன். "சொல்லேலாது ஐயா. புதுசுகள்தான் முதல்ல போகும். பழசுகள் கொஞ்சக் காலம் நிக்கும்" என்றான். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னான் போல. போகவேண்டியது பழசு, நிற்கவேண்டியது புதுசு என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்படி நினைத்த மனுசன்தான் நான், அதை ஒளிக்கமாட்டேன்.

என்னை உலுக்கியது டாக்டர் இல்லை, அதற்குப் பிறகு வந்த ஒரு பிள்ளை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம். ஒரு குடையும் கொப்பியுமாக வந்து வாசலில் நின்றாள். இளம் வயதில் ஜெயிலுக்கு, மறியலுக்குப் போனவர்களின் குடும்பங்களைப் பற்றி ஆராய்கிறாளாம். அதிலும், தாங்களே பிள்ளைகளாய் இருக்கும்போது தாய் தகப்பன் ஆனவர்களைப் பற்றி, அப்படி மறியலும் பிள்ளையும் ஒரே வயதில் வந்தால் அந்தக் குடும்பம் என்ன ஆகிறது என்பதைப் பற்றி. உன் பெயர் எந்தப் பழைய பட்டியலில் கிடைத்ததோ தெரியாது. தங்கச்சி அவளுக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். "மகன் மறியலுக்குப் போகேக்க அவருக்குப் பிள்ளை இருந்ததோ ஐயா, இல்லாட்டி வயித்தில இருந்ததோ?" நான் "இல்லை" என்றேன். "பிறகு?" என்றாள். "இல்லையெண்டு சொன்னனான்தானே" என்று பாய்ந்தேன். அவள் பயந்துபோய்க் கொப்பியில் எழுதினாள். அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. தங்கச்சியின் பிள்ளைகளின் பெயர் வாயில் வராமல் திண்டாடுகிறவன், இருபத்தெட்டு வருஷத்துப் பொய்யை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லியிருக்கிறேன். நான் எல்லாவற்றையும் மறந்த பிறகும் இந்தப் பொய் என் வாயில் கிடக்கும் என்று விளங்கியது. உண்மை மட்டும் போய்விடும். அது உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போவதற்கு நாலு வருஷம் முந்திய காலம். கப்பல் பட்டறை வாசல் கேற்றில் நான் காவல், நீ உள்ளே தச்சுப் பகுதியில் வேலை பழகுகிறாய். பின்னேரம் சங்கு ஊதினால் நூற்றுக்கணக்கான ஆட்கள் சாப்பாட்டுக் கரியரைக் கையில் தூக்கிக்கொண்டு இரண்டு வரிசையாக வெளியே வருவார்கள். எல்லாவற்றையும் திறந்து பார்க்க ஏலாது. அதனால் கையில் ஒரு பிரம்பு வைத்திருப்போம். கரியரின் அடித்தட்டில் ஒரு தட்டு. வெறும் கரியர் கணீரென்று கேட்கும், உள்ளே ஏதும் இருந்தால் மொக்கையாகக் கேட்கும். மொக்கையாகக் கேட்டாலும் நாங்கள் பெரும்பாலும் விட்டுவிடுவோம். வீட்டுக் கதவுக்குப் பூச ஒரு சிரட்டை பெயின்ற், ஒரு துண்டுக் கயிறு, இவ்வளவுதான் இருக்கும். உறவுக்காரன் வந்தால் மற்றக் காவல்காரனின் வரிசைக்குப் போகவேண்டும் என்பது சட்டம். நீ அந்தச் சட்டத்தை மதித்ததே இல்லை. என் வரிசையில்தான் வருவாய், கரியரை நீயே என் பிரம்புக்கு நேராக நீட்டுவாய். அப்பா நிற்கிறார் என்ற நம்பிக்கை.

மூன்று மாதமாக உன் கரியர் மொக்கையாகக் கேட்டது. எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பல்தீவுக் கரையில் வேலுப்பிள்ளை கட்டுகிற வள்ளத்தைப் பார்த்தேன். புதுப் பலகையில் செப்பு ஆணிகள் வரிசையாக மின்னின. உப்புத் தண்ணியில் துரு, கறள் எதுவும் பிடிக்காத ஆணி, கடையில் கிடைக்காது. நீ பட்டறையிலிருந்து ஒரு கைப்பிடி ஒரு கைப்பிடியாகக் கொண்டுபோய் அந்த மனுசனின் வள்ளத்தில் அடித்திருக்கிறாய். அதற்கு என்ன காரணம் என்பதை உன் அம்மா குசினியில் வைத்துச் சொன்னாள். "உங்கட மகனால அந்தப் பிள்ளை யோகம் வயித்தோட இருக்கிறா. ரெண்டு பேரையும் சேர்த்து வைக்கிறதை விட்டா வேற வழியில்லை." உனக்குப் பதினெட்டு, அவளுக்குப் பதினேழு. நான் குதித்தேன். நாங்கள் வேதக்காரர், அவர்கள் சைவக்காரர், அதுவும் கடலுக்குப் போகிறவனின் வீடு, நானோ அரசாங்கக் காற்சட்டை போட்டுக் கேற்றில் நிற்கிறவன். உன்னை மன்னாரில் மாமன் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தேன். "போகமாட்டன் அப்பா. அவளைக் கலியாணம் கட்டிப்போட்டுத்தான் மற்றக் கதை" என்றாய். கன்னத்தில் அறைந்தேன். நீ கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அடியுங்கோ, ஆனா நான் போகமாட்டன்" என்றாய். ஒரு பிள்ளை இவ்வளவு தெளிவாகத் தன் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்போது தகப்பன் செய்யவேண்டியது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நிற்பது. இந்த வயதில் எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதி இதுதான். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை.

அடுத்த நாள் பின்னேரம் வெள்ளைக்காரத் துரை ஒருவன் கேற்றடியில் நின்றான். வேறு ஏதோ அலுவலாக வந்தவன், உன்னைத் தேடி வரவில்லை. நீ வழமைபோல் என் வரிசையில் வந்து கரியரை நீட்டினாய். நான் தட்டினேன், மொக்கையாகக் கேட்டது. "திற" என்றேன். துரைக்காக நடிக்கிறேன் என்று நினைத்து நீ சிரித்தாய். மறுபடியும் சத்தமாகத் "திறடா" என்றேன். அந்தச் சிரிப்பு உன் முகத்திலிருந்து போக எடுத்த நேரம் இருக்கிறதே, அது இன்னும் எனக்கு முடியவில்லை. என் எண்ணம் என்ன தெரியுமா? துரை ஏசுவான், வேலை போகும், கையோடு உன்னை மன்னாருக்கு ஏற்றிவிடலாம். மிஞ்சிமிஞ்சிப் போனால் இரண்டு கிழமை உள்ளே வைப்பார்கள், அதற்குள் யோகத்தின் ஆட்கள் ஒரு வழி பார்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு வருஷமாகப் பட்டறையில் காணாமற்போன சாமான் எல்லாவற்றையும் உன் தலையில் கட்டினார்கள். ஆணி ஆருக்கு என்று கோர்ட்டில் நீதவான் மூன்று தரம் கேட்டார். நீ வேலுப்பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு வருஷம் மறியல் என்றார். நான் எழும்பி, இவன் மூன்று மாதமாகக் கொண்டுபோனது எனக்குத் தெரியும், விட்டவன் நான், என்னையும் பிடியுங்கள் என்று சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பேசாமல் இருந்தேன்.

மறியலில் உன்னைப் பார்க்க வந்த முதல் நாள், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏன் அப்பா திறக்கச் சொன்னனீங்கள்?" என்று மட்டும் கேட்டாய். அந்த நிமிஷமே என் வாயில் பொய் தயாராக இருந்தது. "வேலுப்பிள்ளைதான் உன்னைப் பற்றித் துரைக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டவன். துரை உன்னைப் பிடிக்கவெண்டுதான் வந்து நிண்டவன், நான் என்ன செய்யேலும்? ஆணியையும் வாங்கிக்கொண்டு ஆளையும் பிடிச்சுக் குடுத்திட்டான்" என்றேன். நீ நம்பினாய். நம்பியது மட்டுமில்லை, என்னைப் பார்த்து, "நீங்கள் கவலைப்படாதேங்கோ அப்பா" என்றாய். பிறகு நாலு மாதம் கழித்து வந்தபோது யோகத்தை விசாரித்தாய். "முல்லைத்தீவுப் பக்கம் கட்டிக்குடுத்திட்டினம்" என்றேன். "பிள்ளை?" என்றாய். "அழிஞ்சு போச்சாம்" என்றேன். மகனே, அந்த வார்த்தையை நான் சொன்ன நேரத்தில் அந்தப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதற்கு முந்திய கிழமைதான் யோகம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேற்றடிக்கு வந்தாள். சங்கு ஊதி ஆட்கள் எல்லாம் போன பிறகு, நான் தனியாக நிற்கிறேனா என்று பார்த்துக்கொண்டு வந்தாள். மெலிந்துபோய், காலில் செருப்பில்லாமல் நின்றாள். "மாமா, நீங்கள் அவரைப் பார்க்கப் போறனீங்களாம். பொம்பிளைப் பிள்ளை எண்டு சொல்லுங்கோ. என்ன பேர் வைக்கிறதெண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ" என்றாள். என்னை மாமா என்று கூப்பிட்டது எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் உன்னைத் தெரியாதெண்டு சொல்லிப்போட்டான். பிள்ளை தன்ர இல்லையாம். இனி இஞ்ச வராதை" என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அவர் அப்பிடிச் சொன்னவரோ? இன்னொருக்காச் சொல்லுங்கோ, அவர்தான் தன்ர வாயால சொன்னவரெண்டு" என்றாள். நான் இன்னொரு தரம் சொன்னேன். சீலைத் தலைப்பால் பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் மூடிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் எங்களைத் தேடி வரவே இல்லை.

உன் அம்மாவுக்கும் அதே பொய்யைத்தான் சொன்னேன். "உன்ர மகன் தன்ர பிள்ளையைத் தெரியாதெண்டு சொல்லுறான், நாங்கள் ஏன் தலையிடவேணும்" என்றேன். அவள் வெட்கத்தில் உன்னை ஒன்றும் கேளாமல் எழுதுவதைக் குறைத்ததும், நீ கொழும்பிலிருந்து அனுப்பிய சீலையை உடுக்காமல் அலுமாரியிலேயே வைத்ததும் அதனால்தான். நீ அம்மாவுக்கு உன்மேல் பாசம் விட்டுப்போயிற்று என்று நினைத்திருப்பாய். அவள் தன் மகன் ஒரு பெண்ணை ஏமாற்றியவன் என்ற நினைப்போடு செத்தாள். விடுதலையாகி நீ வீட்டில் நின்ற மூன்று நாளும் நான் வேலைக்குப் போகாமல் உன் பக்கத்திலேயே இருந்தேனே, அது பாசம் என்றா நினைத்தாய்? நீ சாம்பல்தீவுக்குப் போய்விடக்கூடாது என்று காவல் இருந்தேன். மற்றவர்களின் வாயிலிருந்து எதுவும் உன் காதுக்கு வரக்கூடாது என்று, நாலாம் நாள் நானே உன்னைக் கொழும்புக்கு ரயில் ஏற்றிவிட்டேன். கேற்றில் நின்ற காலத்தில்கூட அவ்வளவு விழிப்பாக நான் காவல் செய்ததில்லை.

யோகம் வேறு கலியாணம் செய்யவில்லை. கருவாடு காயவைத்து, சந்தைக்குத் தூக்கிக்கொண்டு வந்து விற்று அந்தப் பிள்ளையை வளர்த்தாள். புவனத்துக்கு எட்டு வயதிருக்கும்போது ஒருநாள் சந்தையில் கண்டேன். தாய்க்கு முன்னால் கையை வீசிக்கொண்டு நடந்து வந்தது. உன் நடை. நெற்றி கூட உன் அம்மாவின் நெற்றி. என்னை அறியாமல் ஒரு தோடம்பழத்தை வாங்கி அதன் கையில் வைத்தேன். பின்னால் வந்த யோகம் அதைப் பிடுங்கி என் கையில் திருப்பித் தந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்து, "எங்களைத் தெரியாத ஆக்களிட்ட ஒண்டும் வாங்கப்படாது" என்றாள். நாலு வருஷத்துக்கு முன் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செங்கமாரி வந்து அவள் செத்துப்போனாள் என்று சந்தையில் மீன் விற்கிறவர்கள் சொல்லிக் கேள்விப்பட்டேன். செத்தவீட்டுக்குப் போக எனக்குத் துணிவில்லை. வேலுப்பிள்ளை அதற்கு முன்னமே போய்விட்டான். நீ வஞ்சம் வைத்திருந்த இரண்டு பேரும் இப்போது இல்லை. இரண்டு பேரும் உனக்கு ஒரு தீங்கும் செய்யாதவர்கள். வஞ்சம் வைக்கவேண்டிய ஆள் இங்கே உன் தங்கச்சி சமைத்துப் போடுவதைத் தின்றுகொண்டு இருக்கிறேன்.

அந்தப் படிக்கிற பிள்ளை வந்து போன மூன்றாம் நாள், தங்கச்சிக்குச் சொல்லாமல் காலை பஸ்ஸில் சாம்பல்தீவுக்குப் போனேன். உனக்கு எழுதுவதற்கு முன் புவனத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடவேண்டும், தாயின் பெயருக்கு நான் போட்ட அசிங்கத்தை அவள் காதுபடக் கழுவவேண்டும் என்று வழி முழுக்க வசனம் வசனமாக அடுக்கிக்கொண்டு போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். இரண்டு சின்னப் பிள்ளைகள் முற்றத்தில் விளையாடினார்கள். அவள் வெளியே வந்து, "ஆர் அப்பு? ஆரைத் தேடுறீங்கள்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. அடுக்கி வைத்தது அத்தனையும் போய்விட்டது. அவள் யார், இது எந்த இடம், நான் ஏன் வந்தேன், எதுவும் தெரியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைக் கையில் பிடித்து இருத்தி, தண்ணீர் தந்தாள். "பாவம், வழி தவறி வந்திட்டார் போல" என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னாள். சட்டைப் பையில் தங்கச்சி எழுதி வைத்திருந்த விலாசத்தை எடுத்து வாசித்து, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தானே பஸ் ஏறி என்னோடு நகரத்துக்கு வந்தாள். வழியில் என் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்தாள். இறங்கி எங்கள் தெருமுனைக்கு வந்தபோது தங்கச்சி ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டு அவளுக்கு நன்றி சொன்னாள். அத்தையும் மருமகளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் நின்று கதைத்தார்கள். அவள் திரும்பிப் போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான், வீட்டுக்குள் கதிரையில் இருக்கும்போது, அவள் யார் என்று எனக்கு ஞாபகம் வந்தது. மகனே, நான் வாய்விட்டுக் கத்தினேன். தங்கச்சி அதுவும் இந்த மறதி வருத்தம் என்று நினைத்தாள்.

இனி என்னைத் தனியாக வெளியே விடமாட்டார்கள். சொல்லவேண்டிய இடத்தில் சொல்ல என்னால் ஏலாது என்று கண்டுகொண்டேன். ஆகவே நீதான் போகவேண்டும். நேரே இங்கே வராதே, முதலில் அங்கே போ. அவளைக் கொழும்புக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதாதே, வாசலில் போய் நில். அவள் தகப்பன் தன்னை வேண்டாம் என்றவன் என்று நினைத்து வளர்ந்தவள், ஏசுவாள், படலையைச் சாத்துவாள். சாத்தினால் அடுத்த நாளும் போ. நகையும் சாமானும் தூக்கிக்கொண்டு போகாதே. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு, அவளே வாசிக்கட்டும். நீதான் தகப்பன் என்று தாய் சொன்னது பொய்யில்லை என்பதை அவள் முதலில் அறியட்டும், நீ நல்லவன் என்பது பிறகு. எனக்காக ஒரு வார்த்தையும் பரிந்து பேசாதே. உனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. கலியாணம் வேண்டாம் வேண்டாம் என்று நீ சொன்ன ஒவ்வொரு தரமும் உன் அம்மா அழுதாள், நான் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியும் அதனால்.

அவளிடம் போய்வந்த பிறகு, மனம் இருந்தால் என்னைப் பார்க்க வா. இல்லாவிட்டால் வராதே, நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன். வந்தால், நான் உன்னைப் பார்த்து "ஆர் தம்பி நீங்கள்?" என்று கேட்கக்கூடும். அப்போது உன் பெயரைச் சொல்லாதே, என் மகன் என்றும் சொல்லாதே. நான் தகப்பனாய் இருந்த லட்சணத்துக்கு அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. "நான் புவனத்தின்ர அப்பா" என்று சொல். எனக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு தரம் சத்தமாகச் சொல்.

அப்பா